மஞ்சளைச் சிவக்க வைக்காத சோப்பு: எளிதில் எரியும் முகத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் இருபத்தைந்து வருஷம் கழுவிய முகம் என்னுடையது. கல்யாணமாகி முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊருக்குப் போன மூன்றாவது வாரம், கன்னம் இரண்டும் எரிய ஆரம்பித்தன. சிரித்தால் தோல் இழுத்தது. மூக்கோரம் செதில் செதிலாக உதிர்ந்தது. சோப்பை மாற்றினேன், மறுபடியும் மாற்றினேன். அம்மா போனில், "மக்ளே, கடையில வாங்குறது எல்லாம் கெமிக்கல். வெளிச்செண்ணெ சோப்பு குடுத்து விடுறேன், அதைத் தேய்" என்றாள். வெளிச்செண்ணெ என்றால் எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய். தேய்த்தேன். எரிச்சல் இன்னும் கூடியது.

கடைசியில் வழி சொன்னது மைனி. கணவரின் அக்கா, மருந்துக்கடையில் பல வருஷம் வேலை பார்த்தவர். "சோப்பை மாத்திக்கிட்டே இருக்கியே, உறையோட பின்பக்கத்தை ஒரு நாளாவது வாசிச்சியா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் வாசித்தேன். அதன் பிறகு தெரிந்துகொண்டதை, தடுக்கி விழுந்த இடங்களோடு சேர்த்து இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: முதலில் சோப்பை நிறுத்துங்கள்

புது சோப்பு வாங்கும் முன் பத்துப் பதினான்கு நாள் முகத்துக்கு எந்தச் சோப்பும் வேண்டாம். வெறும் தண்ணீர் மட்டும். கூடவே ஃபேஸ் வாஷ், ஸ்க்ரப், பவுடர், வாசனைக் க்ரீம் எல்லாவற்றையும் நிறுத்தி, வாசனை சேர்க்காத ஒரு சாதாரண மாய்ஸ்சரைசரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்களில் எரிச்சல் அடங்கினால் குற்றவாளி நீங்கள் நிறுத்தியவற்றில் ஒன்று. அடங்காவிட்டால் சோப்பைத் தேடி அலைவதில் பலன் இல்லை, காரணம் வேறெங்கோ இருக்கிறது.

அந்த வேறெங்கோ எது என்று யோசிக்கச் சில இடங்கள் சொல்கிறேன். நெற்றியோரமும் காதுப் பக்கமும் மட்டும் பொரிந்தால் தலைக்கு வைக்கும் எண்ணெயையும் ஷாம்பூவையும் ஹேர் டையையும் சந்தேகப்படுங்கள். மூக்கோரத்திலும் புருவத்திலும் எண்ணெய்ப் பிசுக்கோடு மஞ்சள் செதில் வந்தால் அது பொடுகோடு சேர்ந்த தோல் அழற்சியாக இருக்கலாம். அதற்கு மருந்து வேண்டும். அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், வேலை பார்ப்பவர்களுக்கு முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய், குலசேகரம், திருவட்டார் பக்கம் ரப்பர் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பால் உறைய வைக்கும் ஆசிட், இவை கையிலிருந்து முகத்துக்கு ஏறும். வியர்வையைத் துடைக்க எத்தனை தடவை கை முகத்துக்குப் போகிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. முகம் வெளுக்க என்று சொல்லி, மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கிப் பூசும் டியூப் க்ரீம்கள். அவற்றின் பெட்டியில் பீட்டாமெதாசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் பூசினால் முகத்தோல் மெலிந்து, வெயில் பட்டாலும் தண்ணீர் பட்டாலும் எரியும் நிலைக்குப் போய்விடும். நிறுத்தினால் சிவந்து கொதிக்கும், அந்தப் பயத்தில் மறுபடி பூசுவார்கள். இப்படி மாட்டிக்கொண்ட முகத்துக்கு உலகத்தின் மிக மென்மையான சோப்பும் எரியத்தான் செய்யும். நீங்கள் இந்த வகை என்றால் அடுத்த படிகளை அப்புறம் பார்க்கலாம். க்ரீமை எப்படி விடுவது என்று தோல் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

படி 2: தண்ணீரைச் சோதியுங்கள்

என் கதையில் பாதிக் குற்றம் தண்ணீருடையது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் கிணறுகளில் பெரும்பாலும் மெல்லிய தண்ணீர். கடற்கரையோரக் கிணற்றிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் உப்பும் கடினத்தன்மையும் ஏறியிருக்கும். கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் கரையாத ஒரு வெள்ளைப் படிவு உண்டாகிறது. பக்கெட் ஓரத்தில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்குமே, அதுதான். அது முகத்திலும் ஒட்டும். எத்தனை தடவை கழுவினாலும் முழுக்கப் போகாது, சோப்பின் காரத்தையும் கூடவே தோலில் நிறுத்தி வைக்கும்.

சோதனை எளிது. மூடியுள்ள தெளிவான பாட்டிலில் பாதி அளவு தண்ணீர் எடுத்து, சாதாரணக் குளியல் சோப்பைச் சுரண்டி ஒரு சிட்டிகை போட்டு நன்றாகக் குலுக்குங்கள். நுரை திரண்டு நின்று, அடியில் தண்ணீர் ஏறக்குறைய தெளிவாக இருந்தால் மெல்லிய நீர். நுரை சட்டென்று அடங்கி, தண்ணீர் பால்போலக் கலங்கி, தயிர்த்துகள் மாதிரி மிதந்தால் கடின நீர். கடின நீர்க்காரர்கள் மூன்றாம் படியில் சொல்லும் இரண்டாவது வகைக் கட்டியைத்தான் வாங்க வேண்டும். அது கடின நீரிலும் அந்தப் படிவை அவ்வளவாக உண்டாக்காது. இன்னொரு சின்ன வழி: கடைசியாக அலசும் ஒரு சொம்பு மட்டும் குடிதண்ணீராகவோ பிடித்து வைத்த மழைத்தண்ணீராகவோ இருக்கட்டும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் ஒரு சொம்பு மழைத்தண்ணீருக்கா பஞ்சம்?

படி 3: 'சோப்பு' என்ற பெயரில் இரண்டு பொருள் விற்கிறது

இந்தப் படியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் போகலாம், விஷயமே இங்கேதான் இருக்கிறது.

எண்ணெயோ கொழுப்போ எடுத்து அதில் காஸ்டிக் சோடா சேர்த்தால் கிடைப்பது சோப்பு, கூடவே கிளிசரின். பாமாயிலில் செய்தாலும் தேங்காய் எண்ணெயில் செய்தாலும் விளைவது காரத்தன்மை உள்ள பொருள்தான். அமிலமா காரமா என்று அளக்கும் பி.எச். கணக்கில் 7 நடுநிலை, அதற்கு மேலே காரம், கீழே அமிலம். சோப்பு 9 முதல் 10 வரை இருக்கும். நம் தோலின் மேற்பரப்போ லேசான அமிலம், சுமார் 5. ஒவ்வொரு தடவை சோப்புப் போடும்போதும் தோல் அந்த அமிலநிலையிலிருந்து தள்ளப்படுகிறது, பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் மேல்தோல் உப்பி, அதன் செல்களுக்கு நடுவே சாந்துபோல இருக்கும் கொழுப்பு கொஞ்சம் கரைந்து போய்விடுகிறது. தடித்த தோலுக்கு இது பெரிய விஷயமில்லை. எளிதில் எரியும் முகத்துக்கு இதுதான் அந்த 'இழுக்கிற' உணர்வு. அதைச் 'சுத்தமான உணர்வு' என்று நம்பித்தான் நான் பல வருஷம் வளர்ந்தேன்.

இரண்டாவது வகை, பார்க்கக் கட்டி சோப்பு மாதிரியே இருக்கும், ஆனால் வேதியியல்படி சோப்பு இல்லை. சிண்டெட் என்பார்கள். காஸ்டிக் சோடாவில் கொழுப்பைக் காய்ச்சிச் செய்வதற்குப் பதிலாக, மென்மையான வேறு நுரைப்பொருள்களை அழுத்திக் கட்டியாக்கியது. இதன் பி.எச். பெரும்பாலும் 5.5 முதல் 7 வரை இருக்கும். அமெரிக்காவில் 1957-இல் வந்த டவ் இந்த வகையில் மிகவும் பெயர் பெற்றது. 1979-இல் ஃப்ராஷ், க்ளிக்மன் என்ற இரண்டு தோல் ஆய்வாளர்கள், சோப்புக் கரைசலைச் சிறு கிண்ணங்களில் வைத்து முன்கையில் ஐந்து நாள் ஒட்டிப் பார்க்கும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கடையில் எல்லாமே 'மென்மை' என்று விற்றாலும் தோல் சிவப்பதிலும் செதில் உதிர்வதிலும் சோப்புக்குச் சோப்பு எவ்வளவு வித்தியாசம் என்று அதில் தெரிந்தது.

சரி, உறையைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? பின்பக்கத்துப் பொடி எழுத்தில் முதல் இரண்டு மூன்று பெயர்கள் சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட், சோடியம் கோகோயேட், சோடியம் டாலோவேட் என்று இருந்தால் அது உண்மையான சோப்பு. இவை முறையே பாமாயில், எண்ணெய்ப்பனையின் கொட்டை எண்ணெய், தேங்காய் எண்ணெய், மாட்டுக்கொழுப்பு ஆகியவற்றிலிருந்து வந்தவை. சோடியம் கோகோயில் ஐசெதியோனேட், சோடியம் லாராயில் ஐசெதியோனேட், டைசோடியம் லாரில் சல்ஃபோசக்சினேட் என்று தொடங்கினால் சிண்டெட். பெயர்களை மனப்பாடம் பண்ண வேண்டாம். 'ஐசெதியோனேட்' என்ற ஒரு சொல் கண்ணில் பட்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இரண்டையும் கலந்த கட்டிகளும் உண்டு. அவற்றில் எது முதலில் எழுதியிருக்கிறதோ அதுதான் அதிகம்.

டி.எஃப்.எம். பற்றி ஒரு வார்த்தை. மொத்தக் கொழுப்புப் பொருளின் சதவீதம் அது. இந்தியத் தர நிர்ணயப்படி டாய்லெட் சோப்பில் முதல் தரத்துக்குக் குறைந்தது 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. பேத்திங் பார் என்று போட்டிருந்தால் 40 இருந்தாலே போதும். 'டி.எஃப்.எம். கூடினால் முகத்துக்கு நல்லது' என்று ஊர் முழுக்க ஒரு நம்பிக்கை. எனக்கும் இருந்தது. அந்த எண் சொல்வது, கட்டியில் சுண்ணாம்பு மாவு போன்ற நிரப்பி குறைவாகவும் சோப்பு நிறையவும் இருக்கிறது என்பதைத்தான். மென்மையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. டி.எஃப்.எம். 80 உள்ள சோப்பின் பி.எச்.சும் 10-ஐ நெருங்கி நிற்கலாம். மறுபக்கம், மென்மையான சிண்டெட் கட்டி 'பேத்திங் பார்' என்ற பெயரில்தான் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். பெயரைப் பார்த்து மட்டம் என்று தள்ளிவிடாதீர்கள்.

படி 4: ஆரத்தித் தட்டுச் சோதனை

உறையில் என்ன எழுதியிருந்தாலும் வீட்டிலேயே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது, அதற்கான பொருள் எல்லார் அடுக்களையிலும் உண்டு. கல்யாண வீட்டில் ஆரத்திக்கு மஞ்சள் கரைத்து, அதில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்ததும் தண்ணீர் இரத்தச் சிவப்பாகும் அல்லவா? மஞ்சள் ஒரு காரங்காட்டி. பி.எச். 7.4-ஐத் தாண்டத் தாண்ட அது மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போகும். குழம்புக் கறை பட்ட வெள்ளைச் சட்டையில் சோப்புப் போட்டதும் கறை சிவப்பதும் இதனால்தான்.

ஒரு வெள்ளைத் துணித்துண்டில் மஞ்சள் தண்ணீரைத் தடவிக் காயவிடுங்கள். முதலில் குடிதண்ணீர் ஒரு சொட்டு விட்டு, அது நிறம் மாற்றவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு அதே தண்ணீரில் சோப்பை நனைத்துக் குழைத்த நுரையை வைத்து ஒரு நிமிஷம் பாருங்கள். செங்கல் நிறத்துக்குப் போனால் காரச் சோப்பு. மஞ்சளாகவே நின்றால் நடுநிலையோ லேசான அமிலமோ. எங்கள் வீட்டில் இருந்த ஆறு கட்டிகளை இப்படி வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஐந்து சிவந்தன. 'பேபி சோப்பு' என்று வாங்கியதும், கண்ணாடிபோலத் தெரியும் கிளிசரின் சோப்பும் அந்த ஐந்தில் அடக்கம்.

இந்தச் சோதனை காரத்தை மட்டும்தான் காட்டும். வாசனையும் மற்றதும் அடுத்த படி.

படி 5: கழிக்க வேண்டியவை

மஞ்சள் சோதனையில் தேறிய கட்டியின் உறையை மறுபடி எடுங்கள். பர்ஃப்யூம், ஃப்ராக்ரன்ஸ் என்று இருந்தால் யோசியுங்கள். லினலூல், லிமோனின், சிட்ரோனெல்லால், ஜெரானியால் என்று தனித்தனியாக எழுதியிருப்பவையும் வாசனைப் பொருள்களே. அழகுசாதனங்களால் வரும் தோல் ஒவ்வாமைக்கு வாசனை ஒரு முக்கியமான காரணம். எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு: கழுவிய உடனே காந்தினால் பெரும்பாலும் எரிச்சல், ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்போடு பொரிந்தால் ஒவ்வாமை. சிண்டெட் கட்டிகளிலும் பலவற்றில் வாசனை உண்டு. எரிச்சல்காரர்கள் லேசான வாசனையைத் தாங்கிக்கொள்வார்கள், ஒவ்வாமைக்காரர்கள் கட்டாயம் வாசனை இல்லாததைத் தேட வேண்டும்.

கிருமிநாசினிச் சோப்பு, மெந்தால் குளிர்ச்சி, உரசித் தேய்க்கும் துகள், வெண்மை தரும் என்ற வாக்குறுதி: நான்கும் வேண்டாம். இதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

நாட்டுச் சோப்பைப் பற்றி

இதற்குப் படி எண் போடவில்லை, ஆனால் நம் மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் போக முடியாது. தெருவுக்குத் தெரு யாராவது தேங்காய் எண்ணெய் சோப்பு போடுகிறார்கள். உழைப்பு நேர்மையானது, எண்ணெய் சுத்தமானது. ஆனாலும் எளிதில் எரியும் முகத்துக்கு அது பெரும்பாலும் ஒத்துவராது. தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். அதிலிருந்து வரும் சோப்பு நிறைய நுரைக்கும், உப்புத் தண்ணீரில்கூட நுரைக்கும். கடல் தண்ணீரில் குளிக்கக் கப்பல்காரர்கள் கொண்டுபோனது இந்த வகைச் சோப்பைத்தான். அப்படி வெட்டி எடுக்கிற குணமே முகத்தின் கொழுப்பையும் வெட்டி எடுத்துவிடுகிறது. எண்ணெயாகப் பூசும்போது தோலுக்கு இதமாக இருக்கும் அதே பொருள், சோப்பாக மாறியபின் வேறு ஆள்.

அளவுக் கணக்கும் உண்டு. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் 150 கிராம் அளவுக்குக் குறைத்து, கொஞ்சம் எண்ணெயை மாறாமல் விட்டுவைப்பார்கள். நான்கிலிருந்து ஆறு வாரம் காயவும் வைப்பார்கள். அந்தச் சோப்பு கொஞ்சம் சாது. வாங்கும்போது தயங்காமல் கேளுங்கள்: எண்ணெய் எவ்வளவு விட்டுவைத்தீர்கள், எத்தனை வாரம் காய்ந்தது? பதில் தெளிவாக வராவிட்டால் முகத்துக்கு வாங்க வேண்டாம்.

கிராம்பு, பட்டை, எலுமிச்சை, கஸ்தூரி மஞ்சள் போட்ட சோப்புகளையும் முகத்துக்கு ஒதுக்கிவையுங்கள். புவிசார் குறியீடு பெற்ற நம் கன்னியாகுமரிக் கிராம்பின் பெருமை அதன் எண்ணெயில் இருக்கிறது. அந்த எண்ணெயின் பெரும்பகுதி யூஜினால். அதுவும் தெரிந்த ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்று. பல் வலிக்கு அது மருந்து, கன்னத்துக்குத் தொல்லை.

பாசிப்பயறு மாவு? காரம் இல்லை, மஞ்சளைச் சிவக்க வைக்காது. நைசாகச் சலித்து, வாசனைப்பொடி எதுவும் கலக்காமல், தேய்க்காமல் தடவிக் கழுவினால் சிலருக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. கொரகொரப்பாக அரைத்த மாவு உரசும், அதுதான் குறை.

படி 6: வாங்குவதும் சோதிப்பதும்

மளிகைக் கடையில் தேடுவதைவிட நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை போன்ற இடங்களில் கொஞ்சம் பெரிய மருந்துக்கடைக்குப் போவது நல்லது. டவ் எல்லா இடத்திலும் கிடைக்கும், நடுநிலைக்கு அருகில் நிற்கும், ஆனால் வாசனை சேர்த்தது. செபாமெட் கட்டியில் பி.எச். 5.5 என்று உறையிலேயே போட்டிருக்கும். செட்டாஃபில் கட்டியும் ஐசெதியோனேட் வகைதான். நான் எதற்கும் வக்காலத்து வாங்கவில்லை. உறை மாறும், சேர்மானம் மாறும், ஒவ்வொரு தடவையும் பின்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று வகை வாங்காமல் ஒன்றே ஒன்று, அதுவும் சின்னக் கட்டி.

வாங்கி வந்ததும் முகத்துக்குப் போகக் கூடாது. முழங்கை மடிப்பின் உள்பக்கம், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில், தினமும் காலையும் மாலையும் நுரை தடவி அரை நிமிஷம் வைத்துக் கழுவுங்கள். ஏழு நாள். அரிப்பு, சிவப்பு இல்லையென்றால் அடுத்த நான்கு நாள் தாடைக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும். அங்கும் ஒன்றுமில்லை என்றால்தான் முழு முகம். பதினொரு நாள் நீளமாகத் தோன்றும். நான் மூன்றாம் நாளே பொறுமையிழந்து முகம் முழுக்கப் போட்டு, மறுபடி முதல் படிக்கே போனவள்.

படி 7: போடும் முறை

கட்டியை முகத்தில் நேரடியாகத் தேய்க்காதீர்கள். கையில் குழைத்து, நுரையை மட்டும் விரல் நுனியால் தடவுங்கள். இருபது வினாடி போதும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் ராத்திரி. காலையில் வெறும் தண்ணீர். வெந்நீர் வேண்டாம். தேங்காய் நார், குளியல் ப்ரஷ் எல்லாம் காலோடு நிற்கட்டும். மயிரோரம், தாடை, மூக்கு மடிப்பு ஆகிய இடங்களில் நுரை தங்கும், அங்கே கூடுதலாக ஒரு தடவை அலசுங்கள். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர்.

குலசேகரம் பக்கம் இருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் அந்த மாய்ஸ்சரைசர் கொஞ்சமே போதும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றாலை சுற்றுகிற காற்றில் பைக்கில் போய்வருகிறவர்களுக்கு இரண்டு தடவை வேண்டியிருக்கும். அந்தக் காற்று ஈரத்துணியை என்ன பாடுபடுத்துகிறதோ அதைத்தான் கன்னத்தையும் படுத்துகிறது.

படி 8: கட்டியைக் காப்பாற்றுவது

சிண்டெட் கட்டிக்கு ஒரு குறை: தண்ணீர் பட்டால் சீக்கிரம் குழையும். நம் ஊர் ஈரப்பதத்தில் இரண்டு வாரத்தில் கூழாகிவிடும். விலையோ சாதாரணச் சோப்பைவிடப் பல மடங்கு. வாங்கியதும் உறுதியான நூலை வைத்து நான்காக வெட்டுங்கள், இட்லிமாதிரி அழகாக அறுபடும். ஒரு துண்டை மட்டும் வெளியே வைத்து, மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். வெளியே இருப்பது அடியில் ஓட்டை உள்ள பெட்டியில், ஷவர் தெறிக்காத இடத்தில். வீட்டில் மற்றவர்கள் அதைக் குளியலுக்கு எடுக்காமல் பார்த்துக்கொள்வது தனி வேலை. நான் மறைத்து வைக்கிறேன்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

கண் இமை வீங்கினால், நீர் வடிந்தால், மூன்று நான்கு வாரம் இவ்வளவும் செய்தும் சிவப்பு குறையாவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு உண்டு. போகும்போது பூசிய க்ரீம், சோப்பு, எண்ணெய் எல்லாவற்றின் உறையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். 'ஏதோ வெள்ளை டியூப்' என்று சொன்னால் மருத்துவர் என்ன செய்வார்?

என் முகம் அடங்க ஆறு வாரம் ஆனது. அம்மா கொடுத்துவிட்ட வெளிச்செண்ணெய் சோப்பு இன்னும் வீட்டில் இருக்கிறது, அடுக்களைத் தொட்டியோரம். சாளை மீன் வெட்டிய கைக்கு அதைப்போல ஒரு சோப்பு கிடையாது. உப்புத் தண்ணீரிலும் நுரைத்து, வாடையை ஒரே கழுவலில் கொண்டுபோய்விடுகிறது. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது இன்னும் நாலு கட்டி வாங்கி வர வேண்டும்.